கம்பிக்குள் ஒளிந்திருக்கும் பூ

குட்டிப் பூக்கள் நிறைந்த மில்லெஃபியோரி கண்ணாடியைப் பார்க்கும் பலரும் அந்தப் பூக்களைத் தூரிகையால் வரைந்ததாகவே நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கு 'ஆயிரம் பூக்கள்' என்று பொருள், ஆனால் அதில் ஒரு பூகூட வரைந்தது இல்லை.

பல நிறக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சேர்த்து, குறுக்கே வெட்டினால் பூ தெரிகிற மாதிரி ஒரு தடித்த உருளை செய்கிறார்கள். அது சூட்டில் இளகியிருக்கும்போதே இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடக்க, உருளை பல மீட்டர் நீளக் கம்பியாக மெலிகிறது, உள்ளே இருக்கும் பூவும் வடிவம் மாறாமல் அப்படியே சுருங்குகிறது. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்! அப்புறம் அந்தக் கம்பியைச் சின்னச் சின்ன வில்லைகளாக நறுக்கி, நெருக்கி அடுக்கி, உலையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். நிறங்கள் எல்லாம் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது விரிசல் விட்டுவிடும்.

ரோமானியர் காலத்திலேயே இருந்த இந்தக் கலை பிறகு மங்கிப்போய், 19ஆம் நூற்றாண்டில் வெனிஸ் அருகே முரானோ தீவில் மறுபடி தழைத்தது. அந்த நூற்றாண்டில் வெனிஸைச் சேர்ந்த ஜாகொமோ ஃபிராங்கினி கம்பிக்குள் மனித முகங்களையே கொண்டுவந்தார், இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் முகம் உட்பட. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வட்டத்துக்குள் தாடியும் கண்ணும் தெரிகின்றன.