கப்பல் காத்திருக்காது

ஏவுகணைத் துறையில் வேலை பார்த்தேன் என்றால், "எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்தது வேகம். கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளின் தேடுகருவிப் பிரிவில் இருந்த எங்களுக்கு இரண்டுமே தலைவலி இல்லை. தேடுகருவி என்பது ஏவுகணையின் மூக்கில் இருந்து இலக்கைத் தேடிப் பிடிக்கும் ரேடார். கப்பல் நகர்கிறதே, அதுதான் தலைவலி.

பிரம்மோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியைவிட 2.8 மடங்கு வேகம். ஆனாலும் 290 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகும். 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் போர்க்கப்பல் அதற்குள் நாலரை கிலோமீட்டர் விலகியிருக்கும். எந்தத் திசையில் என்பது அதன் கேப்டனுக்கே வெளிச்சம். ஏவும்போது நாம் குறித்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

ரேடார் தேடிப் பிடிக்கட்டுமே என்பீர்கள். எதிரியின் கண்ணில் படாமலிருக்க ஏவுகணை இறுதிக் கட்டத்தில் கடலை ஒட்டி, பத்து மீட்டர் உயரத்தில் வருகிறது. பூமி உருண்டை. அந்த உயரத்திலிருந்து கப்பல் தென்படுவதே முப்பது கிலோமீட்டருக்குள்தான். பிரம்மோஸின் வேகத்தில் அது அரை நிமிடம். ஊரே மெச்சும் வேகம் எங்கள் பிரிவின் நேரத்தைத்தான் தின்றது.

அந்த அரை நிமிடத்தில் ரேடார் கதிர்களைக் கடல் அலைகளும் எதிரொலிக்கும், மீன்பிடிப் படகுகளும் எதிரொலிக்கும். போதாததற்கு, ரேடாரை ஏமாற்றக் கப்பல் உலோக இழைகளை வானில் தூவும். சோவியத் தயாரிப்பான ஸ்டிக்ஸ் ஏவுகணைகளால் 1967இல் எகிப்து இஸ்ரேலின் எய்லாத் கப்பலை மூழ்கடித்தது. 1971இல் நம் கடற்படை கராச்சி அருகே பாகிஸ்தான் கப்பல்களை வீழ்த்தியதும் அவற்றால்தான். 1973இல் சிரியாவின் லத்தாக்கியா அருகே நடந்த சண்டையில் அதே ஸ்டிக்ஸ் ஒன்றுகூட இஸ்ரேலியப் படகுகளைத் தொடவில்லை. மின்னணுக் குறுக்கீடும் இழைகளும் அவற்றைத் திசைதிருப்பிவிட்டன.

தேடுகருவியை விமானத்தில் பொருத்தி, கடல்மேல் பறந்து தரவு சேகரிப்போம். கணினியில் நாங்கள் உருவாக்கிய அலைகள் ஒழுங்கானவை. வங்காள விரிகுடாவின் மழைக்கால அலைகளுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. எங்களுக்கு வேண்டியதோ அந்தக் கொந்தளிப்பு. விமானங்கள் எளிதாகக் கிடைத்ததோ வானம் தெளிந்த நாட்களில். இந்த இழுபறியில் கழிந்த கூட்டங்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஏவுசோதனைக்குப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற கப்பல்தான் இலக்கு. அது திரும்பாது, இழை தூவாது. அதன் நடுவில் ஓட்டை விழுந்த படத்தை மறுநாள் செய்தித்தாள்கள் கொண்டாடும். ஒருமுறை ஆய்வுக் கூட்டத்தில் அப்படியொரு படத்தைக் காட்டியபோது, கடற்படை அதிகாரி ஒருவர் கேட்டார்: "இது நங்கூரமிட்ட கப்பல்தானே சார்? ஓடுகிற கப்பல் எப்போது?" எங்கள் குழுவில் சிலருக்கு முகம் சுருங்கியது. கேட்கவேண்டிய கேள்வியை ஒருவராவது கேட்டாரே என்று எனக்கு மகிழ்ச்சி.