ஐம்பது வருஷக் கோன்யாக்: மூன்று அமர்வுகள்

2024 டிசம்பர் 13, வெள்ளி

கோன்யாக் என்றால் பிரான்ஸின் கோன்யாக் பகுதியில் திராட்சை ஒயினைக் காய்ச்சி எடுக்கும் பிராந்தி. 700 மி.லி. பாட்டில். கிராண்ட் ஷாம்பெயின், யூனி பிளான் திராட்சை, லிமுசின் ஓக் பீப்பாயில் 50 வருஷம், 43 சதம் ஆல்கஹால். (நுரைக்கும் ஷாம்பெயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கோன்யாக் நகரை ஒட்டிய சுண்ணாம்பு மண் பகுதி.) பாட்டிலை நிமிர்த்தியே வைத்திருக்கிறோம். படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும்.

மெழுகைக் கத்தி முதுகால் தட்டி, தூளைத் தூரிகையால் துடைத்தாயிற்று. பழைய கார்க்கில் திருகாணி இறங்கினால் மாவாய் உதிரும். இரண்டு தகடு உள்ள திறப்பானைப் பக்கவாட்டில் நுழைத்து, முறுக்கி மேலே இழுப்பதுதான் வழி. மூட மாற்றுக் கார்க் ஒன்றும் எடுத்து வைத்தோம்.

டிசம்பர் 14, சனி

வாய் குறுகிய ஆறு டியூலிப் கிளாஸ், தலைக்கு 20 மி.லி. கிளாஸை வெந்நீரில் மட்டும் அலசி, கவிழ்க்காமல் உலர விட்டோம். கவிழ்த்தால் அலமாரி வாடை உள்ளே தங்கும். சினிமாவில் வரும் பெரிய உருண்டைக் கிளாஸும் மெழுகுவர்த்திச் சூடும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மூக்கை அடைக்கும்.

வயதுக்கு அரை நிமிஷம் என்பது எங்கள் கணக்கு. ஆக 25 நிமிஷம் காத்திருப்பு. பிறகு, சுழற்றாமல், விளிம்பிலிருந்து நாலைந்து செ.மீ. தள்ளி மூக்கு. உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல். சுழற்றியதும் ஈரக் காளான், அக்ரூட். முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவது 2 மி.லி.யில்தான் தீர்ப்பு. முடிவில் மரக் கசப்பு தூக்கல். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

கழுவாத கிளாஸைக் காலையில் முகர்ந்தால் தேன், சுருட்டுப் பெட்டி, அக்ரூட் எண்ணெய். ரான்சியோ என்று கோன்யாக் பிரியர்கள் கொண்டாடுவது இதைத்தான். ஒயினை ஈஸ்ட் வண்டலோடு காய்ச்சும்போது கூட வரும் கொழுப்பு அமிலங்கள் பீப்பாயில் மெல்ல ஆக்ஸிஜனேறிக் கீட்டோன்களாகின்றன. நீலப் பாலாடைக்கட்டியின் மணத்துக்கும் கீட்டோன்தான் காரணம். நம் வீட்டு எண்ணெயின் சிக்கு வாடைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் ரொம்பப் படித்தவர்.

மாறாக, வெறும் வனிலாவும் பிசுபிசு இனிப்பும் மிஞ்சினால் சந்தேகப்படலாம். கேரமலும் சர்க்கரையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் நிறத்தை வைத்து வயதைச் சொல்ல முடியாது. லேபிளில் வயதைக் குறிக்கும் எக்ஸ்ஓ (XO) என்ற எழுத்தும் 2018 முதல் குறைந்தது 10 வருஷம் என்பதற்கு மட்டுமே உறுதி.

டிசம்பர் 18, புதன்

மறுபடி ஆறு கிளாஸ். நாலு நாள் காற்று பட்டதில் கசப்பு பாதியாகிவிட்டது. முதல் நாளே மட்டம் தட்டியிருந்தால் தப்பாகியிருக்கும். ஆனாலும் அடியில் மரம் இருக்கத்தான் செய்கிறது. இந்தக் கட்டத்துக்கு முன்பே நல்ல காய்ச்சுநர்கள் சரக்கைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, 'பரடி' என்கிற சொர்க்க நிலவறையில் வைத்துவிடுவார்கள். கண்ணாடியில் வயது ஏறாது. 50 வருஷம் என்பது எண்ணிக்கை, ருசிக்கு உத்தரவாதமில்லை.

ஒரு கிளாஸில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். பழ வாசம் ஒரு நிமிஷம் பொங்கி, பின் சப்பென்று ஆனது. காய்ச்சும்போது 70 சதத்தை ஒட்டி இருந்தது, வருஷத்துக்குச் சரக்கில் சுமார் 2 சதம் ஆவியாகி, ஈர நிலவறையில் தானாகவே 43க்கு இறங்கியிருக்கிறது. ஈர அறையில் ஆல்கஹால் அதிகம் போகும்; காய்ந்த அறையில் தண்ணீர். தானாக இறங்கியதை இன்னும் இறக்க வேண்டியதில்லை.

2025 ஜனவரி 5, ஞாயிறு

மூன்றாம் முறை ஆறு கிளாஸ். இதுதான் உச்சம்: பழுத்த பேஷன் பழம், பழைய தோல், ரான்சியோ மூன்றும் கலந்து, விழுங்கிய பிறகும் நெடுநேரம் வாயில். கசப்பு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது.

மிச்சம் 340 மி.லி. பெரிய பாட்டிலில் விட்டால் மேலே நிற்கும் காற்றே சில மாதங்களில் மணத்தைத் தட்டையாக்கிவிடும். 350 மி.லி. பாட்டிலில், கழுத்துவரை ஊற்றி மூடி, இருட்டில் நிறுத்தியாயிற்று. அடியில் தங்கிய கார்க் தூளுக்குச் சன்னமான எஃகு வடிகட்டி போதுமாக இருந்தது.