32 நெடுவரிசையில் ஒரு 'மோட்டார்'

எங்கள் வீட்டில் மாடித் தொட்டி வழிந்து வாசலில் தண்ணீர் கொட்டிய பிறகுதான் மோட்டார் ஓடுவது நினைவுக்கு வரும். அடுப்படியில் நிற்கும் அம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சின்ன எல்ஈடி பலகை மாட்டலாம் என்று போன மாதம் ஆரம்பித்தேன். எழுத்து தமிழில்தான் வர வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

வாங்கியது எஃப்சி-16 வகை பலகை. நான்கு 8×8 மேட்ரிக்ஸ் (விளக்குக் கட்டம்) பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மொத்தம் 8 வரிசை, 32 நெடுவரிசை. ஒவ்வொரு மேட்ரிக்ஸுக்கும் ஒரு மேக்ஸ்7219 சிப். 64 விளக்குகளையும் அது ஒரே நேரத்தில் எரிப்பதில்லை. வரிசை வரிசையாக, நொடிக்கு ஏறத்தாழ 800 சுற்று ஓட்டுகிறது. நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. அந்த வேலையைச் சிப் ஏற்றுக்கொள்வதால் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து மூன்றே சிக்னல் கம்பிகள் போதும்: டிஇன்னுக்கு (தரவு உள்ளே போகும் வழி) 11-ஆம் பின், சிஎஸ்ஸுக்கு (சிப்பைத் தேர்வது) 10, சிஎல்கேவுக்கு (கடிகாரத் துடிப்பு) 13. கூடவே 5 வோல்ட்டும் கிரவுண்டும்.

முதல் நாள் ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பி, நிரல், கேபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பலகையின் இரண்டு முனையிலும் பின்கள் உண்டு. ஒன்று உள்ளே போகும் வழி, மற்றது அடுத்த பலகைக்குப் போகும் வழி. நான் டிஅவுட் என்ற வெளியேறும் பக்கத்தில் செருகியிருந்தேன். மின்சாரம் வந்ததும் இந்தச் சிப் தூக்க நிலையில்தான் இருக்கும், எழுப்பும் கட்டளை போய்ச் சேர்ந்தால்தான் எரியும். அதனால் தவறான முனையில் செருகினால் பலகையே செத்துப்போனது மாதிரி தெரியும். இதே பலகையை வாங்குபவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் வெளிச்சத்தை உச்ச அளவான 15 வரை ஏற்றாதீர்கள். எல்லாம் முழுதாக எரிந்தால் ஒரு சிப்புக்கே 330 மில்லிஆம்பியர் வரை போகலாம், யுஎஸ்பி தாங்காது. நான் 2-இல் வைத்திருக்கிறேன், அடுப்படிக்கு அது தாராளம்.

சரி, இனி தமிழ். நிரலில் நேராக 'மோட்டார்' என்று எழுதிக் கொடுத்தேன், குப்பையாக வந்தது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தச் சொல்லுக்கு 24 பைட். பலகையை இயக்கும் லைப்ரரி (ஆயத்த நிரல்தொகுப்பு) ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு என்னென்னவோ வரைகிறது. எனவே கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நானே வரைய உட்கார்ந்தேன்.

மேல் வரிசை புள்ளிக்கு, இரண்டாவது வரிசை இடைவெளிக்கு, மீதி ஆறும் எழுத்தின் உடம்புக்கு. ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் எண். உச்சி விளக்கின் மதிப்பு 1, கீழே இறங்க இறங்க இரட்டிப்பாகி அடி விளக்கு 128; எரியும் விளக்குகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த எண். அப்படிப் பார்த்தால் 'ட' என்பது 252, 128, 128, 128. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், புள்ளி வைப்பது வெறும் கூட்டல்: ஒரு 128-ஐ 129 ஆக்கினால் 'ட்'. துணைக்கால் 252, 4, 252. 'ர'வுக்கும் அதேதான், ஏனென்றால் கீழே வால் இழுக்க இடமில்லை. ஓலைச்சுவடிகளிலும் ரகரமும் காலும் ஒன்று போலவே இருந்தன, இடம் பார்த்துத்தான் படித்தார்கள். இங்கேயும் கடைசியில் புள்ளியோடு வருவது 'ர்' என்று தடையில்லாமல் படிக்க முடிகிறது.

இரட்டைக்கொம்புக்கு 5, 'ம'வுக்கு 5, இரண்டு கால்களுக்கு 6, 'ட்'டுக்கும் 'ட'வுக்கும் 8, 'ர்'க்கு 3, இடைவெளி 6. கூட்டினால் 33! ஒன்றே ஒன்று அதிகம். ஓடவிட்டுக் காட்டலாம்தான், ஆனால் தாளிக்கிற நேரத்தில் ஓடுகிற எழுத்தை யார் நின்று படிப்பது? கொம்பைக் குறைத்தேன், ஒற்றைக்கொம்பு போல ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு டகரத்தையும் மூன்று நெடுவரிசைக்குச் சுருக்கினேன்: 31. எட்டி நின்று பார்த்தால் 'ட்ட' ஒட்டிக்கொண்டு 'ப' மாதிரி தெரிந்தது. மிச்சமிருந்த ஒரு நெடுவரிசையை அந்த இரண்டுக்கும் நடுவே கூடுதல் இடைவெளியாக விட்டதும் சொல் தெளிந்தது.

முதல் தடவை சொல் இடவலம் மாறி வந்தது. நான் பயன்படுத்தும் எம்டி மேக்ஸ்72எக்ஸ்எக்ஸ் லைப்ரரியில் 0-வது நெடுவரிசை வலக்கடைசியில் இருக்கிறது. 31-லிருந்து இறங்கி எழுதியதும் சரியாகிவிட்டது. அம்மா அடுப்பருகிலிருந்தே "மோட்டாரா?" என்று கேட்டார்.

இப்போதைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால்தான் எரிகிறது. அடுத்தது தொட்டியில் மிதவை ஸ்விட்ச். மாடியிலிருந்து நீளமாகக் கம்பி இறங்க வேண்டும். ஊனோவின் உள்ளே இருக்கும் புல்-அப் (ஸ்விட்ச் திறந்திருக்கும்போது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் மின்தடை) 20 முதல் 50 கிலோ ஓம், அவ்வளவு நீளத்துக்கு அது போதாது என்று நினைக்கிறேன். வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்று வைத்துப் பார்க்கப் போகிறேன்.