தியார்பக்கிர்: காதில் கை வைத்துப் பாடுகிறார்கள்

துருக்கியின் தியார்பக்கிர் நகரத்துக்குப் போனால் கோட்டை மதிலை அப்புறம் பாருங்கள். முதலில் சூர் பகுதியில் இருக்கும் டெங்பேஜ் இல்லத்துக்குப் போய்விடுங்கள். பார்த்துவிட்டு வந்த எனக்கு இன்னும் மனசு அடங்கவில்லை.

டெங்பேஜ் என்பவர்கள் குர்து மக்களின் கதைப்பாடகர்கள். கருங்கல் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் உள்ளங்கையைக் காதோரம் அணைத்து, கண்ணை மூடினார். ஒரே மூச்சில் வரிகள் கொட்டின. மூச்சு தீர்ந்த இடத்தில் தலை மார்பில் சாய்ந்தது. மறு கையில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றுபோய், விரல்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. தம்பியைச் சண்டையில் பறிகொடுத்த அக்காவின் புலம்பல் என்று பக்கத்திலிருந்த கல்லூரிப் பையன் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குர்திஷ் மொழியை முடக்கிய 1983ஆம் ஆண்டுச் சட்டம் 1991இல்தான் நீங்கியது. இந்த இல்லம் திறந்தது 2007இல். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு பாடியவர்கள் இவர்கள்.

குர்துக் கவிஞர் அகமதே கானி 1692இல் எழுதிய ‘மெம் ஊ ஸீன்’ காதல் காவியத்தையும் அந்தப் பையன்தான் பேச்சில் இழுத்தான். தோட்டத்தில் காதலன் மெமும் காதலி ஸீனும் தனித்திருக்கும்போது வேட்டைக்குப் போன அரசர் திரும்பிவிடுகிறார். ஸீனைத் தன் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்ட மெம், அரசரைக் கண்டும் எழுந்து நிற்கவில்லை. அரசவையில் இருக்கிறவன் எழாமல் உட்கார்ந்திருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு சதுரங்கம் ஆடும்போது, சன்னலில் நிற்கும் ஸீன் மேலேயே அவன் கண் போகிறது, ஆட்டம் தோற்கிறது, காதல் வெளிப்படுகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இந்த அழுத்தம் வராது.

சாப்பாட்டுக்கு ஈரல் கபாப். இங்கே காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். கம்பியில் சுட்டு, ரொட்டியில் உருவி, வெங்காயம், பச்சிலைகளோடு தருகிறார்கள். அபாரம், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் விமான நிலையத்தில் பிடித்த டாக்ஸி சுத்தப் பகல்கொள்ளை! மீட்டரைப் போடாமலே வந்து, இறங்கும்போது வாய்க்கு வந்ததைக் கேட்டார். ஏறும் முன்பே மீட்டரைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள்.

ஜிஸ்ரே ஊரில் மெம், ஸீன் இருவருடைய கல்லறை என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்களாம். கையிருப்பு இடிக்கிறது. அறையைக் காலி செய்துவிட்டு, ராத்திரியைப் பஸ்ஸிலேயே கழித்தாவது போகத்தான் போகிறேன்.