ஒளிப்புள்ளி வைக்காத கண்கள்

பேய்ப் பொம்மை என்றவுடன் வாயில் வழியும் ரத்தத்தையும் கோரைப் பல்லையும் எதிர்பார்த்து வருபவர்கள், என் அலமாரியைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது எங்கள் வீடு. அங்கே நான் சேர்த்தும் மாற்றியும் வைத்திருக்கும் பொம்மைகளில் பெரும்பாலானவற்றின் முகத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு வண்ணம்கூட இருக்காது. ரத்தம் அருவருப்பைத் தரும், அதுவும் முதல் முறை பார்க்கும்போது மட்டும்தான். பயத்தைத் தருவது கண் என்பது என் உறுதியான கருத்து.

இத்துறையில் சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுவது ‘லிவிங் டெட் டால்ஸ்’ வரிசையை. எட் லாங், டேமியன் கிளோனெக் ஆகிய இருவரும் 1998-இல் கையால் செய்யத் தொடங்கிய இவற்றை, மெஸ்கோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆலையில் தயாரித்து விற்றது. பத்து அங்குல உயரம், சவப்பெட்டி வடிவத்தில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே அந்தப் பொம்மைக்கென்றே எழுதப்பட்ட மரணச் சான்றிதழ் என்று எல்லாம் கச்சிதமாக இருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது; பொம்மை என்றால் கையில் எடுக்க வேண்டும், தலையைக் கழற்ற வேண்டும்.

கழற்றி மாற்றுவதற்கு மேட்டல் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ‘மான்ஸ்டர் ஹை’ பொம்மைகளைப் போல் வசதியானவை வேறில்லை. டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் முதலியோரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்னும் கற்பனையில் உருவானவை என்பதால், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று தோலே நிறத்தோடு வருகிறது. கைகளும் முன்கைகளும் தனியாகக் கழன்று வருவதால் சட்டை மாட்டுவதும் எளிது. புதியதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பழைய பொருள்கள் விற்கும் பண்டல் கடைகளில் துணிமணிகளோடு சிக்குத் தலையும் கிறுக்கிய முகமுமாக இவை அவ்வப்போது அகப்படும்.

முதலில் ஆலையில் தீட்டிய முகத்தை அழிக்க வேண்டும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும், மென்மையான வினைலால் ஆன தலை அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் உடற்பகுதி ஏபிஎஸ் போன்ற கடினப் பிளாஸ்டிக். அதன்மேல் அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக்கே இளகிக் கரையும். ஆகவே தலையைச் சூடான நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, கழுத்துத் துளை நெகிழ்ந்த பிறகு மெல்ல ஆட்டிக் கழற்றிவிட்டுத் துடைப்பதே முறை. பழைய முடியைப் பிடுங்கிவிட்டு நைலான் இழைகளை ஊசியால் ஒவ்வொரு துளையிலும் நடுவதுதான் பலரின் வழக்கம். நான் பூக்கடையில் விற்கும் சவுரி முடியைக் கத்தரித்து நடுகிறேன். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கென்று வாங்கி வைக்கும் அதே சவுரிதான். பேய்க்கு அது மிகப் பொருத்தமாக அமைகிறது.

அடுத்து மங்கல் பூச்சு. வழுவழுப்பான வினைலில் வண்ணப் பென்சில் பிடிக்காது. மங்கலான பூச்சை மெல்லியதாகத் தெளித்து உலர்த்தினால்தான் பென்சிலும் சுண்ணத் தூளும் ஒட்டும். வெளிநாட்டுக் கலைஞர்களின் காணொளிகளில் இது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. நம் ஊர்க் காற்றிலோ எந்நேரமும் ஈரம். மழை முடிந்த கையோடு தெளித்தால் பூச்சு உலரும் முன்பே ஈரத்தை உறிஞ்சி, முகமெங்கும் வெள்ளைப் படலம் படிந்துவிடும். நல்ல வெயில் ஏறிய முற்பகலில், காற்றோட்டமான திறந்த வெளியில், கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகக்கவசம் அணிந்துதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சாதாரணத் துணிக் கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

இனி கண். கருவிழியைத் தீட்டி முடித்ததும் அதன் மேல்மூலையில் வெள்ளை வண்ணத்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி வைப்பது பெரும்பாலான பொம்மை ஓவியர்களின் வழக்கம். வெளிச்சம் பட்டு மின்னுவதைப் போன்ற அந்தப் புள்ளிதான் கண்ணுக்கு உயிர் தருகிறது. அதை வைக்காமல் விட்டால், மற்ற எல்லாம் அழகாக இருக்கும்போதே பார்வை மட்டும் செத்துப்போகிறது. கருவிழியைக் கீழ் இமையைத் தொடாதபடி ஒரு மயிரிழை உயர்த்தி, இரண்டில் ஒன்றை மிகச் சிறிதளவு வெளிப்புறம் தள்ளி வரைந்தால், பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. ஆனால் பொம்மையை வேறு பக்கம் திருப்பி வைக்கத் தோன்றும். மனிதரைப் போலவே இருந்தும் ஏதோ ஒன்று குறையும் உருவம்தான் நம்மைக் கலங்கடிக்கிறது என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதினார். அவர் சொன்னதை அந்த ஒரு புள்ளியில் நான் தினமும் சோதித்துப் பார்க்கிறேன்.

இப்போது முடியும் தறுவாயில் இருப்பது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் ஒரு பெண் பொம்மை. நெற்றியில் விளக்கு, தலையில் துண்டு, பழைய கைலியைக் கத்தரித்துத் தைத்த பாவாடை, முழுக்கைச் சட்டை. எண்ணெய்ப் பனையான செம்பனை வருவதற்கு முன், விடியாத இருட்டில் கித்தா எனப்படும் ரப்பர் மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவள் யாரென்று விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்களின் பொந்தியானாக் என்னும் பெண் பேயைப் போல வெள்ளைத் துணியோடு செய்திருக்கலாம். அவளைத்தான் எல்லாரும் செய்கிறார்களே.

இவளுடைய கைகளில் உரிந்த தோலுக்கு நான் பயன்படுத்தியது ரப்பர் பால்தான். சினிமா ஒப்பனைக்காரர்கள் காயமும் வெந்த தோலும் காட்டப் பயன்படுத்தும் திரவ லேட்டக்ஸ், அம்மோனியா சேர்த்து உறையாமல் வைத்த அதே மரத்துப் பால். மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்து ஒட்டி, மேலே பூசி, உலர்ந்த பிறகு ஓரத்தை நகத்தால் நிமிண்டினால் தோல் உரிந்து தொங்கும். வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும்; இந்தப் பொம்மைக்கு அந்த முதுமையும் அழகு என்றே விட்டுவிட்டேன். 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கும் கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால், இந்த வேலையில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

வீட்டில் இத்தனை பேய்களா என்று பாட்டிக்கு வருத்தம். புது வீட்டுக்குக் கோரைப்பல் திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டவரும் அவரேதான் என்பதை நான் சுட்டிக்காட்டினால், “அது காவலுக்குடி, இது எதுக்கு?” என்பார். நியாயமான கேள்விதான். முனீஸ்வரரைப் பொம்மையாகச் செய்து தரச் சொல்லி யாரேனும் கேட்டால் நானே மறுத்துவிடுவேன். காவல் தெய்வத்தை அலமாரியில் நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த வீட்டு அக்கா மட்டும், மாடியில் பழம் தின்ன வரும் குரங்குகளை விரட்ட ஒரு பொம்மை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். குரங்குகளுக்கு ஒளிப்புள்ளியின் நுணுக்கம் புரியுமா என்பது ஐயமே. அதற்கு மட்டும் கோரைப் பல்லும் சிவப்பு வண்ணமும் தாராளமாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.