நான் தூக்கிவைத்துக் கொண்டாடும் தன்வரலாறு

தன்வரலாறு என்றாலே பலர் தன் புகழ் பாடத்தான் எழுதுகிறார்கள். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அப்படி இல்லாததாலேயே எனக்குப் பிடிக்கும். பாதிப் புத்தகத்துக்கு நாயகர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான்.

1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே.சா. சந்திக்கும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவே இல்லை. இதனால் என்ன பிரயோஜனம், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஊரே மதிக்கும் கல்லூரித் தமிழாசிரியர், பார்த்ததுகூட இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்! தனக்கு விழுந்த குட்டை இவ்வளவு ரசித்து எழுத ஒரு மனசு வேண்டும். 1887இல் அதே சிந்தாமணியை அவரே பதிப்பித்தார்.

ஆனந்த விகடனில் தொடராக வந்தது; 1942இல் அவர் காலமானதால் பாதியில் நின்றுவிட்டது. காந்தியின் ‘சத்திய சோதனை’யும் பிடிக்கும்தான், ஆனால் அதில் சாப்பாட்டுப் பரிசோதனைகள் கொஞ்சம் ஜாஸ்தி.

சரி, உங்களுக்குப் பிடித்த தன்வரலாறு எது? நீங்கள் சொல்லுங்கள். சினிமாக்காரர்கள், அரசியல்வாதிகள் எழுதியவை வேண்டாம்.