வாரச் சமையல் திட்டத்தை ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குங்கள்

வாரத்துக்கான சமையலைத் திட்டமிட உட்கார்ந்தால் முதலில் எழும் கேள்வி "இந்த வாரம் என்ன சமைக்கலாம்?" என்பதுதான். மளிகைக்கு இவ்வளவுதான் என்று கணக்குப் பார்த்து வாழும் வீட்டில் அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். முதல் கேள்வி: வீட்டில் இப்போது எது முதலில் கெடப்போகிறது? வாட ஆரம்பித்த கீரை, பாதி வெட்டி மூடி வைத்த முட்டைக்கோஸ், திறந்துவிட்ட தயிர், அடியில் நாலு கைப்பிடி மீதி நிற்கும் பருப்பு டப்பா. இதை ஒரு தாளில் எழுதினாலே முதல் இரண்டு நாள் சமையல் ஏறக்குறைய முடிவாகிவிடும், கடையில் வாங்க வேண்டிய பட்டியலும் அங்கேயே சுருங்கிவிடும்.

செலவைக் குறைப்பது என்றாலே மலிவாக வாங்குவது என்றுதான் பேசுகிறோம். வாங்கியதைக் குப்பையில் போடாமல் இருப்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட உணவு விரய அறிக்கைப்படி, 2022-ல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது (தோல், எலும்பு மாதிரி சாப்பிட முடியாதவையும் இந்தக் கணக்கில் உண்டு). அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. கடைகளும் ஓட்டல்களும் சேர்ந்தே மீதி. அதாவது கடையில் பத்து நிமிடம் நின்று விலையை ஒப்பிட்டு மிச்சம் பிடித்த காசு, வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அழுகிய காயோடு போய்விடுகிறது.

சரி, தாளில் அடுத்து என்ன? கிழமைகளை எழுதி, எந்த நாள் யார் வீட்டில் சாப்பிடுவார்கள், எந்த நாள் தாமதமாக வருவீர்கள் என்பதைக் குறியுங்கள். பிறகு எது எவ்வளவு நாள் தாங்கும் என்ற வரிசையில் சமையலை அடுக்குங்கள். கடைக்குப் போய்வந்த அன்றும் மறுநாளும் கீரை, காளான், மீன். வார நடுவில் பீன்ஸ், கத்தரிக்காய், தக்காளி. கடைசி நாட்களுக்கு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டை, பருப்பு. இந்த வரிசையில் ஒரு வசதி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை: வார நடுவில் விருந்தாளி வந்தோ, யாருக்காவது உடம்பு சரியில்லாமலோ திட்டம் கலைந்தால், தள்ளிப்போவது கெடாத பொருள்தான். அதை அப்படியே அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஏழு இரவுக்கும் ஏழு புதுச் சமையல் என்று எழுதாதீர்கள். ஐந்து போதும். ஒரு இரவு மீந்ததையெல்லாம் எடுத்து முடிக்க, இன்னொரு இரவு ஒன்றும் எழுதாமல் விடுங்கள். வேலை முடிந்து ஓய்ந்துபோய் வரும் மாலையில்தான் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைப்போம், பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுவதும் அங்கேதான். அந்த மாலைக்காக அலுப்பில்லாமல் இருபது நிமிடத்தில் முடிகிற ஒரு சமையலுக்கான சாமான் எப்போதும் அலமாரியில் இருக்கட்டும், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள்.

பணம் குறைவாக இருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது புரதம். அங்கே கை வைக்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கிற வீட்டில். புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகைகளில் அது தாராளம். பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது, அதனால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரே வேளையில் இரண்டும் சேர வேண்டும் என்றுகூட இல்லை, அன்றைய நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். காய்ந்த பயறு ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதனால் ஒரே நாளில் கூடுதலாக வேகவைத்துப் பாதியை ஃபிரீசரில் போட்டால் இன்னொரு நாள் சமையலும் பாதி முடிந்த கணக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். கொதி வராத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து வேகவைப்பது போதாது.

மொத்தமாகச் சமைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும், மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள். சோறு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அப்புறம், வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடுவதால் பக்கத்தில் இருக்கும் கீரை விரைவில் மஞ்சளாகிவிடும்.

கடையில் பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பாக்கெட் பெரும்பாலும் மலிவாகத்தான் இருக்கும், ஆனால் கெடுவதற்குள் உங்கள் வீட்டில் தீருமா என்பதையும் சேர்த்துத்தான் அது மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். வாரப் பணத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி அந்த வாரக் காய், பால், முட்டைக்கு. ஒரு சிறு பகுதி அரிசி, பருப்பு, எண்ணெய் மாதிரி நாள்படத் தாங்கும் பொருட்களுக்கு. அதை எல்லா வாரமும் செலவழிக்காமல் சேர்த்து வைத்து, விலை இறங்கும்போது வாங்குங்கள்.

இத்தனையையும் ஒரே ஆள் தலையில் சுமப்பது நியாயமே இல்லை. சமைப்பதைவிட, என்ன சமைப்பது என்று தினமும் யோசிப்பதுதான் பலருக்கு அலுப்பு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு சமையலைத் தேர்ந்தெடுக்கட்டும். குழந்தைகளிடம் "என்ன வேணும்?" என்று கேட்காமல் "இதுவா, அதுவா?" என்று இரண்டைக் காட்டிக் கேளுங்கள். தாங்களே தேர்ந்தெடுத்ததைத் தட்டில் மிச்சம் வைப்பது குறைவு.

வாரம் முடிந்ததும் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் அந்த வாரம் குப்பைக்குப் போனது என்ன, எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஒரே பொருள் இரண்டு வாரம் தொடர்ந்து அதில் வந்தால் அடுத்த முறை பாதி அளவு வாங்குங்கள்.